கெர்னலில் ரேஸ் பிடிக்க எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

யூஎஸ்பி சென்சார் ஒன்றுக்கு நாங்கள் எழுதிய டிரைவர், சாதனத்தைப் பிடுங்கும் நேரத்தில் எப்போதாவது லினக்ஸின் மையமான கெர்னலையே கவிழ்த்துக்கொண்டிருந்தது. காலையில் பத்து முறை பிடுங்கிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. மாலையில் வாடிக்கையாளர் முன்னால் முதல் தடவையே விழும். என்னதான் நடக்கிறது என்று பார்க்க நான்கு இடங்களில் பிரிண்ட்கே, அதாவது கன்சோலில் ஒரு வரி அச்சிடும் கட்டளை, போட்டோம். கவிழ்வது நின்றுவிட்டது. எடுத்தோம், திரும்ப வந்தது. "பேசாமல் பிரிண்ட்கேயை அப்படியே விட்டுவிடலாமே" என்றார் எங்களில் ஒருவர், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக.

தெரிந்த பிறகு பார்த்தால் எளிய பிழைதான், ரேஸ்: இரண்டு வேலைகள் ஒரே தரவுக்குப் போட்டியிட, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது. சாதனத்திலிருந்து தரவு வந்ததும் யூஆர்பி (யூஎஸ்பி கோரிக்கை) முடிந்ததாக ஒரு கால்பேக் ஃபங்ஷன் ஓடும். அது இன்டரப்ட் சூழல், அங்கே தூங்க, அதாவது காத்து நிற்க, முடியாது. அதனால் மிச்ச வேலையை வொர்க்கியூ என்ற வேலை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். சற்றுக் கழித்து வேறொரு சிபியுவில் அந்த வேலை ஓடி, டிரைவரின் சொந்தத் தரவுத் தொகுப்பான ஸ்ட்ரக்டைப் படிக்கும். இதற்கிடையில் யாராவது வயரைப் பிடுங்கினால் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் வந்து அதே ஸ்ட்ரக்டை கேஃப்ரீ செய்து, நினைவகத்தை விடுவித்துவிடும். வரிசையில் நிற்கும் வேலைக்கு வீடு இடிக்கப்பட்ட சேதி தெரியாது. பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும்.

இதை ரேஸ் என்பதா, நினைவகப் பிழை என்பதா? நோய் ரேஸ், காய்ச்சலாக வெளியே தெரிவது நினைவகக் கேடு. கெர்னலில் இரண்டும் பெரும்பாலும் ஒட்டிப் பிறந்தவை. ஆனால் கருவிகளில் சில காய்ச்சலை அளக்கும், சில நோயைத் தேடும். எல்லாவற்றையும் ஒரே கெர்னலில் போட்டுவிடலாம் என்றால் கெர்னலைக் கட்டும் கான்ஃபிக் அமைப்பே விடாது: கேசானை (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது) இயக்கினால் கேசிசானை (ரேஸைத் தேடுவது) இயக்க முடியாது. ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த ஒரே பிழையில் ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

கம்பைல் செய்யாமலே கிடைப்பவை

முதலில் பிரிண்ட்கே விஷயம். சீரியல் கன்சோல் 115200 பாட் வேகத்தில் ஓடினால், 80 எழுத்து கொண்ட ஒரு வரி வெளியேறக் கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட் ஆகும். நாம் தேடும் ரேஸின் இடைவெளி மைக்ரோசெகண்ட் கணக்கு. எலியைப் பிடிக்கத் தவில் அடித்துக்கொண்டு போவது மாதிரி. தடம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் டிரேஸ் பிரிண்ட்கே இருக்கிறது. அது கன்சோலுக்குப் போகாமல் கெர்னலின் தடமறியும் வசதியான எஃப்டிரேஸின் ரிங் பஃபரில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எஃப்டிரேஸ் 2008-இலேயே வந்துவிட்டது. இன்னும் பாதிப் பேர் பிரிண்ட்கேயோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்தது, கெர்னலின் நினைவக ஒதுக்கியில் உள்ள சோதனை வசதியான ஸ்லப் டீபக். பெரும்பாலான டிஸ்ட்ரோ கெர்னல்களில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். விடுவித்த நினைவகத்தை ஹெக்ஸில் 6பி என்ற பைட்டால் நிரப்பிவிடும், கடைசி பைட் மட்டும் ஏ5. அதன்பின் க்ராஷ் பதிவில் ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்தால், விடுவித்த பொருளிலிருந்து ஒரு பாயிண்டரை எடுத்து யாரோ பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். எங்களுக்கும் அரை மணியில் அது தெரிந்துவிட்டது. யார் தொட்டது, எப்போது என்பதுதான் தெரியவில்லை. விடுவித்த இடத்தில் யாராவது எழுதியிருந்தால், அந்த இடத்தை அடுத்து ஒதுக்கும்போது 6பி கலைந்திருப்பதைப் பார்த்து ஸ்லப் டீபக் கூச்சல் போடும். வெறுமனே படித்துவிட்டுப் போனவனை விட்டுவிடும். எங்கள் பிழையில் பெரும்பாலும் படிப்புதான்.

கேசான்: தாமதமாக வந்தவனைப் பிடிப்பது

ஆண்ட்ரே ரியாபினின் எழுதிய கேசான் 2015-இல் லினக்ஸ் 4.0-உடன் உள்ளே வந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் வைத்துக்கொள்ளும். நினைவகத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் ஒரு சோதனையைச் செருகிவிடும். எங்கள் போர்டில் 1 ஜிபி ராம். நிழலுக்கே 128 எம்பி போய்விட்டது. விடுவித்த பொருள்களை உடனே மறுபயன்பாட்டுக்கு விடாமல் கொஞ்ச நாள் தனிமைப்படுத்தி வைப்பதற்கு ராமில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 32 எம்பி. வேகமும் இரண்டு மூன்று மடங்கு குறையும். 256 எம்பி போர்டில் உங்கள் அப்ளிகேஷனையும் வைத்துக்கொண்டு இதை ஓட்டுவது கஷ்டம்.

கொடுத்த விலைக்குக் கிடைப்பது மூன்று ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் தடம்): யார் தொட்டது, யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது. இதோடு நின்றிருந்தால்கூடப் போதும். நான்காவதாக ஒன்று வந்தது, இந்த வேலையைக் கடைசியாக வரிசையில் போட்டது யார் என்ற ஸ்டாக். வொர்க்கியூ சம்பந்தப்பட்ட பிழைகளில் இது ஒன்றே மற்றவற்றின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஏனென்றால் தொட்டவனின் ஸ்டாக்கில் 'வொர்க்கர் த்ரெட்' என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது. கூலிக்கு வந்த ஆள் அவன். அனுப்பி வைத்தது யார் என்பதல்லவா கேள்வி.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. தவறு உண்மையில் நடந்தால் மட்டுமே கேசான் பேசும். நடக்கவிருந்தது, தப்பித்தது என்றெல்லாம் சொல்லாது. ஆகவே ரேஸை நாம்தான் தூண்டிவிட வேண்டும். வயரைக் கையால் பிடுங்குவதை விட்டுவிட்டு, சிஸ்எஃப்எஸ் என்ற கெர்னல் கோப்பு இடைமுகம் வழியாக அன்பைண்ட், பைண்ட் (டிரைவரைச் சாதனத்திலிருந்து கழற்றுவது, மாட்டுவது) என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் சுழற்றிவிட்டோம். இரவு முழுக்க ஓடியது. இன்னொன்று: ஒரு முறை புகார் சொன்னபின் கேசான் வாயை மூடிக்கொள்ளும், அதுதான் இயல்பு அமைப்பு. இரவு முழுக்க ஓட்டப் போகிறீர்கள் என்றால் மல்டி ஷாட் என்ற பூட் தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எவனோ ஒருவனின் வைஃபை டிரைவர் முதல் புகாரை வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஏஆர்எம்64 சிப்களில் இன்னும் இரண்டு வகை கேசான் உண்டு, பாயிண்டரின் டேக் என்ற அடையாள எண்ணும் நினைவகத்தின் டேக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவை. மென்பொருள் டேக் வகை 5.0-இல் வந்தது, 16 பைட்டுக்கு 1 பைட் நிழல் போதும். 5.11-இல் வந்த வன்பொருள் டேக் வகை எம்டிஇ என்ற நினைவக டேக் வசதி உள்ள சிப்பில் மட்டும் ஓடும். வேகம் நன்றாக இருக்கும். ஆனால் டேக் வெறும் 4 பிட், மொத்தமே 16 மதிப்புகள். பழைய பாயிண்டரின் டேக்கும் புதிய பொருளின் டேக்கும் தற்செயலாக ஒத்துப்போனால் தவறு நழுவிவிடும். மேசையில் வைத்துப் பிழை தேடுகிறவருக்கு மெதுவான பொது வகைதான் என் சிபாரிசு.

யாரும் பேசாத ஒன்று

இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் டீபக் ஆப்ஜெக்ட்ஸ் ஞாபகம் வந்தது. தாமஸ் கிளைக்ஸ்னர் 2008-இல் சேர்த்தது. மாநாட்டு உரைகளில் யாரும் சிலாகித்து நான் கேட்டதில்லை. டைமர், வொர்க் போன்ற பொருள்களின் வாழ்நாளைக் கணக்கு வைப்பதுதான் அதன் ஒரே வேலை. விடுவிக்கும்போது சோதிக்கும் தேர்வையும் சேர்த்து இயக்கிவிட்டால், கேஃப்ரீ செய்யப்படும் நினைவகத்துக்குள் இன்னும் வரிசையில் நிற்கும் வொர்க்கோ ஓடக் காத்திருக்கும் டைமரோ இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தக் கணமே எச்சரிக்கும்.

கேசானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கேசான் புகார் சொல்ல, வேலை ஓடி, இடிந்த வீட்டைத் தொட வேண்டும். டீபக் ஆப்ஜெக்ட்ஸ், வீட்டை இடிக்க வந்தவனையே 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று கையைப் பிடித்து நிறுத்துகிறது. எங்கள் ஸ்கிரிப்ட் இரவெல்லாம் ஓடிக் கண்டதை இது சில நிமிடங்களில் காட்டிவிட்டது. வேலை ஓடத் தொடங்கிவிட்டால் இதன் கணக்கிலிருந்து நீங்கிவிடும், ஆகவே பாதி ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குக் கீழிருந்து நினைவகத்தை உருவினால் இதற்குத் தெரியாது. அந்த மீதிக்குத்தான் கேசான். டிரைவர் எழுதுகிறவர்கள் முதல் நாளிலேயே இதை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.

கேசிசான்: இருவரும் ஒரே நேரத்தில் கைவைத்தால்

மார்கோ எல்வர் முதலானோர் உருவாக்கிய கேசிசான் 2020-இல் 5.8 கெர்னலில் வந்தது. வேலை செய்யும் விதம் அழகானது. பால் சட்டிக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்து ஒளிந்துகொண்டு பூனை வருகிறதா என்று பார்ப்பது போல. சில ஆயிரம் தொடுதல்களுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த முகவரிக்குக் காவல் வைத்து, ஏறத்தாழ 80 மைக்ரோசெகண்ட் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் வேறொரு சிபியு அதே முகவரியைத் தொட்டால் இருவரின் ஸ்டாக்கும் கிடைக்கும். தொட்டவர் யாரென்று தெரியாமல் மதிப்பு மட்டும் மாறியிருந்தாலும் சொல்லும். சிபியு இல்லாமலே நினைவகத்தில் எழுதும் டிஎம்ஏ வழியாக வன்பொருளே மாற்றியிருக்கலாம் அல்லவா.

எங்கள் பிழைக்கு இது உதவுமா? நான் முதலில் உதவாது என்றே நினைத்தேன். ஆனால் ஸ்லப் ஒதுக்கியின் விடுவிக்கும் பாதையில் கேசிசானுக்கென்றே ஓர் அழைப்பு இருக்கிறது: 'இந்தப் பொருளை இப்போது நான் மட்டும்தான் தொடுகிறேன்' என்ற உறுதிமொழி. வேலை படித்துக்கொண்டிருக்கும்போதே கேஃப்ரீ நடந்தால் பிடிபடும். விடுவித்து ஒரு மில்லிசெகண்ட் கழித்து வேலை ஓடினால் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இல்லை. கேசிசானுக்கு அது ரேஸே இல்லை. உடனிருந்தவனைக் கேசிசான் பிடிக்கும், பிந்தி வந்தவனைக் கேசான் பிடிக்கும்.

கேசிசானின் புகார்களைக் கையாளுவதில் ஒரு சபலம் உண்டு. அது காட்டும் இடத்தில் எல்லாம் ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் என்ற குறிகளைத் தூவிவிட்டால் சத்தம் அடங்கிவிடும். கம்பைலர் அந்தப் படிப்பைப் பிளக்காமலும் தூக்கி வெளியே வைக்காமலும் இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மாறிகள் சேர்ந்து மாற வேண்டிய இடத்தில் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) விட்டுப்போயிருந்தால், அந்தத் தவறு இப்போது கருவிக்கும் தெரியாத தவறாகிவிடும்.

எல்லா ரேஸும் டேட்டா ரேஸ் (ஒரே முகவரியை இருவர் ஒரே நேரத்தில் தொடுவது) இல்லை என்பதற்கு 2016-இன் டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2016-5195, நல்ல சாட்சி. வெறும் படிக்கும் உரிமை உள்ள கோப்பின் பக்கத்தில் எழுத முயன்றால் கெர்னல் ஒரு தனி நகல் எடுக்கும். நகல் எடுத்தாயிற்று என்று குறித்துக்கொண்டு, எழுதும் உரிமைக்கான சோதனையைக் கைவிட்டு மறுபடி முயலும். அந்தச் சந்தில் இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் என்ற அழைப்பு மூலம் நகலைத் தூக்கி எறிந்தால், எழுத்து அசல் பக்கத்தில் போய் விழும். ஒவ்வொரு படியிலும் உரிய லாக் பிடிக்கப்பட்டு, ஒழுங்காக விடப்பட்டிருக்கிறது. தவறு படிகளுக்கு நடுவே இருந்தது. கேசிசான் அன்றைக்கு இருந்திருந்தாலும் வாய் திறந்திருக்காது, க்ராஷே இல்லாததால் கேசானும்தான். 2007-இன் 2.6.22 கெர்னல் முதல் இருந்த ஓட்டை அது. தாக்கப்பட்ட சர்வருக்கு வந்த நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்த ஃபில் ஓஸ்டர், அதிலிருந்துதான் தாக்குதல் நிரலைக் கண்டெடுத்தார். இப்படிப்பட்டவற்றுக்குக் கருவி என்று ஒன்றைச் சிபாரிசு செய்ய என்னிடம் இல்லை. லாக்கை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும், 'போன தடவை பார்த்தது இன்னும் உண்மைதானா' என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

லாக்டெப், பிழையைத் திருத்திய பிறகு

எங்கள் பிழையில், லாக் பிடிக்கும் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிக்க வேண்டிய லாக்கே அங்கே இல்லாதபோது அது என்ன பேசும்? திருத்தியபோதுதான் வந்து நின்றது. டிஸ்கனெக்ட்டில் மியூடெக்ஸ் என்ற லாக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே வேலையை ரத்து செய்யும் கேன்சல் வொர்க் சிங்க்கை அழைத்திருந்தோம். ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது காத்திருக்கும். வேலையோ அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கும். நீ முதலில், நான் முதலில் என்று இரண்டும் நிற்க வேண்டியதுதான். இதுதான் டெட்லாக்.

இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வென்னும் 2006-இல் 2.6.18-க்காக எழுதிய லாக்டெப்பின் பெருமை, டெட்லாக் நிஜமாக நடக்க வேண்டிய அவசியமில்லை என்பது. காலையில் ஒரு வரிசையில் லாக் பிடித்ததையும் மாலையில் எதிர் வரிசையில் பிடித்ததையும் சேர்த்துப் பார்த்து 'இது ஒருநாள் மாட்டும்' என்று சொல்லிவிடும். வொர்க்குக்காகக் காத்திருப்பதையும் லாக் மாதிரியே கணக்கில் எடுக்கும். வேலை ஒருமுறை, டிஸ்கனெக்ட் ஒருமுறை ஓடியதுமே புகார் வந்தது. இந்தப் பட்டியலில் நடக்காத டெட்லாக்கைப் பற்றியும் பேசக்கூடியது இது ஒன்றுதான் என்பதால், எதை அணைத்தாலும் இதை நான் அணைக்க மாட்டேன். முதல் புகாருக்குப் பின் இதுவும் தன்னை அணைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பூட் ஆகும்போதே வேறெங்கோ ஒரு புகார் வந்திருந்தால், அதன்பின் நீங்கள் காணும் அமைதிக்கு மதிப்பில்லை.

களத்தில் இருக்கும் சாதனங்களுக்கு

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை வாடிக்கையாளரிடம் இருக்கும் கெர்னலில் வைக்க முடியாது. அங்கே கேஃபென்ஸ்தான், 2021-இன் 5.12 முதல். இயல்பு அமைப்பில் 100 மில்லிசெகண்டுக்கு ஓர் ஒதுக்கீட்டை எடுத்து, இருபுறமும் காவல் பக்கங்கள் உள்ள தனிப் பக்கத்தில் வைக்கும். 255 பொருள்கள், மொத்தம் 2 எம்பி. விநாடிக்கு ஒரு லட்சம் ஒதுக்கீடு நடக்கும் இயந்திரத்தில் பத்துதான் காவலுக்குள் வரும், பத்தாயிரத்தில் ஒன்று. ஒற்றைப் போர்டில் இதை வைத்துக்கொண்டு பிழைக்காகக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. ஆயிரக்கணக்கில் சாதனங்கள் வெளியே இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், தினமும் யாருக்காவது சீட்டு விழும். புகாரை வீட்டுக்கு அனுப்பும் வழியையும் சேர்த்து யோசித்தால்தான் பயன்.

ரஸ்ட்டில் எழுதியிருந்தால்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2022-இன் 6.1 முதல் கெர்னலுக்குள், நினைவகப் பாதுகாப்பைக் கம்பைலரே சோதிக்கும் ரஸ்ட் மொழியும் உண்டு. எங்கள் பிழை அதில் கம்பைல் ஆகியிருக்காது என்றே சொல்வேன். வரிசையில் போடப்படும் வேலை, ஸ்ட்ரக்டின் ஒரு பங்குரிமையைக் கையில் வைத்திருக்கும், கடைசிப் பங்குதாரர் போகும்வரை நினைவகம் விடுவிக்கப்படாது. மியூடெக்ஸும் அப்படியே. தரவு லாக்குக்குள்ளேயே குடியிருப்பதால் லாக்கைப் பிடிக்காமல் அதைத் தொட வழியில்லை. டெட்லாக் மட்டும் அங்கேயும் ஆகும், ஆகவே லாக்டெப்புக்கு ஓய்வில்லை.

கம்பைலரின் காவலை விலக்கி அன்சேஃப் என்று எழுதிய இடத்தில் பழைய கதை திரும்பலாம். 2025 டிசம்பரில் வெளியான சிவிஇ-2025-68260, 6.18-இல் சேர்ந்த ரஸ்ட் பைண்டர் (ஆண்ட்ராய்டில் செயலிகள் பேசிக்கொள்ளும் வழி) டிரைவரில் ஒரு ரேஸ். லாக்கைப் பிடித்துப் பட்டியலை உள்ளூர் மாறிக்கு நகர்த்திக்கொண்டு, லாக்கை விட்டுவிட்டு, பட்டியலை நடந்து பார்க்கிறது. அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் அதிலிருந்து ஓர் உறுப்பை உருவுகிறது. முன்பின் பாயிண்டர்கள் சிதைந்து கெர்னல் கவிழ்கிறது. இதைக் கொண்டாடிய சி மொழிக்காரர்களைப் பார்த்தேன். எனக்கு அது எதிர்ப்பக்கமாகப் பட்டது. தேட வேண்டிய இடம் ஒரு சிறிய அன்சேஃப் வட்டத்துக்குள் சுருங்கியிருந்தது. எங்கள் சி டிரைவரில் எல்லா வரியுமே அந்த வட்டம்தான்.

அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைத் திருப்பி எழுதச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்து 2024-இல் 24 ஆகக் குறைந்தது என்று கூகுள் சொன்னது, பழையதை மாற்றி எழுதியதால் அல்ல. புதியதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதியதால்தான். உங்கள் துணை அமைப்புக்கு, சி ஃபங்ஷன்களைச் சுற்றிய ரஸ்ட் உறைகள் இருக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். டிரைவருக்கு முன் உறைகளை எழுத வேண்டியிருந்தால் அது தனிப் பிராஜெக்ட்.

எதை எடுப்பது

ஒரு போர்டு, இரண்டு மூன்று பேர், டிரைவர் வேலை என்றால்: டீபக் ஆப்ஜெக்ட்ஸும் லாக்டெப்பும் எல்லா நாளும், கேசான் இரவுச் சோதனைக்கு. போர்டில் ராம் போதவில்லையென்றால் க்யூஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள். யூஎஸ்பி என்றால் போலி யூஎஸ்பி கட்டுப்படுத்தியான டம்மி எச்சிடியையும், 5.7-இல் வந்த, சாதனம் போல நடிக்க உதவும் ரா கேட்ஜெட்டையும் வைத்துச் சாதனமே இல்லாமல் ஸிஸ்காலர் என்ற தற்செயல் சோதனைக் கருவியைக் கொண்டு அடிக்கலாம். நாம் கனவிலும் யோசிக்காத வரிசையில் அது பிடுங்கிச் செருகும். பெரிய சர்வர் கூட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கேஃபென்ஸ் இன்றைக்கே. கேசிசானை, மற்றவை எல்லாம் அமைதியான பிறகு, உங்கள் சொந்தக் கோப்புகளின் புகார்களை மட்டும் வடிகட்டிப் படிக்கும் பொறுமை இருந்தால் எடுங்கள்.

எங்கள் திருத்தம் முடிவில் மூன்று வரி: முதலில் யூஆர்பியைக் கொல்வது, பிறகு மியூடெக்ஸுக்கு வெளியே நின்று வேலையை ரத்து செய்வது, கடைசியில் கேஃப்ரீ. வரிசை மாறினால் குழாயை மூடாமல் தரையைத் துடைத்த கதை. கேசிசான் கெர்னலை இப்போது வாரம் ஒருமுறை ஓட்டுகிறோம். புள்ளிவிவரக் கவுண்டர் ஒன்றில் அது காட்டிய ரேஸ் இன்னும் தீர்மானம் ஆகவில்லை. தெரிந்தே விட்ட ரேஸ் என்று குறித்துவிடலாம் என்கிறார் அந்தப் பிரிண்ட்கே நண்பர். அந்தக் கவுண்டரைத்தான், அமைப்பு உறைந்ததா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் படிக்கிறது என்கிறேன் நான்.